கலப்பினம், ஒட்டு, சங்கரம்: ‘ஹைபிரிட்’ என்னும் சொல்லின் தமிழ் நிகரன்கள் குறித்து

‘ஹைபிரிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் ‘கலப்பினம்’ என்று எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் கடமை முடிந்தது என்று கருதும் போக்கு நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. கலப்பினப் பசு என்பதில் தொடங்கிய இவ்வழக்கு இன்று கலப்பினக் கார், கலப்பின வகுப்பு, கலப்பினப் போர் என்று நீண்டுள்ளது. எரிபொருளாலும் மின்கலத்தாலும் மாறிமாறி இயங்கும் ஒரு வண்டியில் எந்த இனம் எந்த இனத்தோடு கலந்தது என்று கேட்டால் விடையில்லை. ‘இனம்’ என்னும் சொற்கூறு தனக்குரிய பொருளை இழந்து வெறும் ஒட்டாக நிற்கிறது என்று சமாதானம் கூறலாம். ஆயின், அச்சொற்கூறு பொருள் இழக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருட்களுக்குப் பொருத்தும்போது அது நகைப்புக்கு மட்டுமே இடம் தருகிறது. மனிதருக்கும் மொழிக்கும் பொருத்தும்போது தீங்கு செய்கிறது.

தமிழில் இச்சொல்லுக்கு வேறு நிகரன்களும் உள்ளன. தமிழக வேளாண்மைத் துறை வெளியீடுகளில் ‘வீரிய ஒட்டு இரகம்’ என்பது பெருவழக்கு. மலையாளத்தில் ‘சங்கர இனம்’ என்பர். சந்தையில் ‘ஹைபிரிட்’ என்னும் கடன்சொல்லே ஆட்சி புரிகிறது. இந்நான்கும் அருகருகே புழங்கும் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு விளிம்பில், குன்னத்துகால் ஊராட்சியில் அமைந்த காரக்கோணமும் அதனைச் சூழ்ந்த பாறசாலைப் பகுதி ஊர்களும் அத்தகையவை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு வீட்டுத் தோட்டங்களுக்கு இடையே செல்கிறது. மரச்சீனி, வாழை, தென்னை, ரப்பர் ஆகியவை இருபுறமும் ஒன்றே. அவற்றைப் பற்றிய அரசு ஏடுகளின் கலைச்சொற்கள் மட்டும் வேறு.

சொல்லின் பிறப்பு

இலத்தீனில் இச்சொல் வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டு ஆண்பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. உரோமானியத் தந்தைக்கும் அயல்நாட்டுத் தாய்க்கும் பிறந்தவரையும், குடியுரிமை உடையவருக்கும் அடிமைக்கும் பிறந்தவரையும் அதே சொல்லால் சுட்டினர். பன்றிக்கும் மனிதருக்கும் ஒரே சொல் என்பது கருதற்குரியது: தொடக்கத்திலிருந்தே இது வகைப்பாட்டுச் சொல்லாக மட்டுமன்றி இழிவுச் சொல்லாகவும் இருந்திருக்கிறது. வரம்பு மீறிய செருக்கைக் குறிக்கும் ‘ஹியூப்ரிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புபடுத்தி அதன் எழுத்துக்கூட்டலையே மாற்றினர். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுந்த இச்சொல் 19-ஆம் நூற்றாண்டு வரை அருகியே வழங்கியது. மெண்டல் 1866-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் தலைப்பிலேயே இச்சொல் உண்டு. ஆனால் அவர் கலந்தவை பெரும்பாலும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த பட்டாணி வகைகள். குதிரையும் கழுதையும் போன்ற வேறுவேறு சிற்றினங்களின் கலப்பைக் குறித்த சொல் ஒரே சிற்றினத்தின் வகைகளுக்கும் விரிந்தது. எனவே கலப்பினம் என்பதில் உள்ள ‘இனம்’ உயிரியலிலேயே நிலையான அளவுகோல் அன்று.

தமிழுக்கும் இத்தகைய உயிர் புதிதன்று. கோவேறு கழுதைக்கு அத்திரி, வேசரி என்னும் பெயர்கள் உண்டு. வேசரி வடமொழி ‘வேசர’ என்பதோடு தொடர்புடையது. கோயிற் கட்டடக் கலையில் நாகரம், திராவிடம் என்பவற்றோடு மூன்றாவதாக எண்ணப்படும் வேசரமும் அதே வடிவினது. வடக்கும் தெற்கும் கலந்த பாணி ஆதலின் கோவேறு கழுதையின் பெயர் பெற்றது என்று விளக்குவோரும் உளர். அவ்விளக்கம் விவாதத்திற்குரியதாயினும், கோயிலுக்கு இப்பெயரை இட்டவர்கள் அதனை வசையாகக் கருதியிருக்க முடியாது.

ஒட்டும் சங்கரமும்

ஒட்டு என்பது தோட்டக்கலைச் சொல். ஒரு செடியின் வேர்ப்பகுதியில் மற்றொன்றின் கிளையையோ மொட்டையோ பொருத்தி வளர்ப்பது ஒட்டு. ஒட்டுமாங்கன்று என்பதை அறியாத தமிழர் இல்லை. இதில் இரு செடிகளும் உடலால் இணைகின்றன. ஆனால் மரபணு கலப்பதில்லை. அடிமரம் அடிமரமாகவே இருக்கும். மேற்கிளை தன் தாய்மரத்தின் பழத்தையே தரும். ஹைபிரிட் என்பதோ மகரந்தத்தால் நிகழும் கலப்பு. அங்கே இரு பெற்றோரும் ஒவ்வோர் உயிரணுவிலும் கலந்துவிடுகின்றனர். ஆகவே ஒட்டும் ஹைபிரிட்டும் வெவ்வேறு செயல்கள். ஒரு வகையில் எதிரெதிரானவை.

அவ்வாறிருக்க ‘வீரிய ஒட்டு’ எங்ஙனம் வந்தது? வீரியம் என்பதற்கு மூலம் தெளிவு. கலப்பில் பிறந்த முதல் தலைமுறை பெற்றோரைவிட வளமாக வளரும் இயல்புக்கு 1914-இல் ஷல் என்பார் ‘ஹெட்டிரோசிஸ்’ என்று பெயரிட்டார். அதனை எளிமையாக ஹைபிரிட்டின் வீரியம் என்பர். இந்தியாவில் மக்காச்சோளத்தில் 1961-இலும், சோளத்தில் 1964-இலும், கம்பில் 1965-இலும், பருத்தியில் 1970-இலும் இத்தகைய விதைகள் வெளியிடப்பட்டன. புதிய பொருளுக்கு உழவர் அறிந்த சொல் ஒன்று தேவைப்பட்டது. இரண்டை இணைத்து மேலானதைப் பெறும் செயல் என்னும் பொதுமையால் ஒட்டு அவ்விடத்தில் அமர்ந்தது எனலாம். மானாவாரிச் சோளக்காட்டில் ஒட்டுக்கட்டும் தொழிலுக்கு இடமில்லை. எனவே அங்கே இச்சொல் பொருள்மயக்கம் தரவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. சோளம், கம்பு, மக்காச்சோளம், நெல், தென்னை யாவும் ஒருவித்திலைத் தாவரங்கள். தோட்டத்தார் செய்யும் ஒட்டு இவற்றில் கூடுவதேயில்லை. (ஆய்வகத்தில் கருநிலையில் இது இயலும் என்று 2022-இல் காட்டப்பட்டது வேறு செய்தி.) எந்தப் பயிர்களை ஒட்டவே முடியாதோ அந்தப் பயிர்களுக்கே ‘ஒட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ‘நெட்டை குட்டை வீரிய ஒட்டுத் தென்னை’ என்று படிக்கும் ஒருவர் நெட்டைத் தென்னையின் தண்டில் குட்டைத் தென்னையைச் செருகியதாக எண்ணினால் பிழை அவருடையதன்று.

காரக்கோணம் போன்ற தோட்டப் பகுதிகளில் இம்மயக்கம் கூர்மையாகிறது. இங்கே ஒட்டு அன்றாடத் தொழில். மாவும் பலாவும் ஒட்டு. ரப்பர் கன்று மொட்டொட்டு. போதாததற்கு, ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உலர்ந்த பாலுக்கு ‘ஒட்டுப்பால்’ என்றும் பெயர். அது ரப்பர் தாளைவிட விலை குறைந்த சரக்கு. இத்தனை பணிகளை ஏற்றிருக்கும் சொல்லின் மேல் ஹைபிரிட்டையும் ஏற்ற இயலாது. 1980-இல் வெளியிடப்பட்டு இப்பகுதிகளெங்கும் பரவிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் ரப்பர் வகையை எடுத்துக்கொள்வோம். அது ‘ஜிர் 1’, ‘ஜிஎல் 1’ என்னும் இரு வகைகளின் கலப்பில் பிறந்தது. ஆனால் விதையால் அன்றி மொட்டொட்டால் பெருக்கப்படுகிறது. பிறப்பால் ஹைபிரிட், வளர்ப்பால் ஒட்டு. ‘வீரிய ஒட்டு’ என்னும் தொடரால் இம்மரத்தை விளக்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் ‘வீரிய ஒட்டின் ஒட்டு’ என்று எழுத வேண்டிவரும்.

மலையாளம் இங்கே இடர்ப்படவில்லை. ஒட்டு தோட்டத் தொழிலுக்கும் சங்கரம் கலப்பிற்கும் எனப் பகுத்துக்கொண்டது. காசர்கோட்டுத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலப்புத் தென்னைகளின் பெயர்களே ‘கேரசங்கரா’, ‘சந்திரசங்கரா’ என்பன. முன்னதில் மேற்குக்கரை நெட்டை தாய், சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை தந்தை. பின்னதில் இம்முறை தலைகீழ். இத்துறையில் முன்னோடி முயற்சியும் இந்நிலத்தது: 1932-இல் நீலேசுவரத்தில் ஜே. எஸ். பட்டேல் செய்த நெட்டை குட்டைக் கலப்பே தென்னையில் உலகின் முதல் ஹைபிரிட்.

சங்கரத்தைத் தமிழும் ஏற்கலாமே என்று கேட்கலாம். இரு தடைகள் உண்டு. முதலாவது எழுத்துத் தடை. கலப்பைக் குறிக்கும் ‘ஸங்கர’ என்பதும் சிவன் பெயரான ‘சங்கர’ என்பதும் மலையாள எழுத்தில் முதலெழுத்தால் வேறுபடுகின்றன. தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘சந்திரசங்கரா’ என்று தமிழில் எழுதினால் பிறைசூடிய பெருமானின் பெயராகவே தோன்றும். தென்னை நினைவுக்கு வாராது. இரண்டாவது தடை கனமானது. வடமொழித் தரும நூல்களிலும் பகவத் கீதையின் முதல் அத்தியாயத்திலும் வரும் ‘வர்ணசங்கரம்’ குல அழிவை முன்னறிவிக்கும் அச்சச் சொல். மலையாளத்தில் அச்சொல் தென்னங்கன்றின் விளம்பரப் பெயராகி அச்சம் நீங்கியது. இது மொழியியலார் போற்றத்தக்க பொருள்மாற்றம். தமிழில் அம்மாற்றம் நிகழவில்லை. சங்கரம் பழைய நூல்களிலேயே தங்கிவிட்டது.

எனினும் தமிழ்ச் சொல் என்பதால் ‘கலப்பு’ தூயது என்று கொள்ளலாகாது. கலப்படம் அதன் உடன்பிறப்பு. ‘கலப்புத் திருமணம்’ என்னும் அரசு வழக்கையும் நோக்குக. கலப்பு எனின் கலப்பதற்கு முன் இரு வேறு இனங்கள் இருந்திருத்தல் வேண்டும். சாதிகள் அத்தகைய இனங்கள் அல்ல என்பதை அம்பேத்கர் 1936-இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் வாதிட்டார். ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்று எழுதுவோர் சொல்லலங்காரத்திற்காக அவ்வாறு எழுதவில்லை; கலப்பு என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் உயிரியல் கூற்றை மறுக்கிறார்கள். இங்கே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுப்பது ஒரு நிகரனை மட்டுமன்று, ஒரு கொள்கையையும்தான்.

நாடன் என்பதன் எதிர்ச்சொல்

இனி அன்றாட வழக்கு. காய்கறிக் கடையில் ஹைபிரிட் என்பது பெற்றோரைப் பற்றிய கூற்றன்று. ‘நாடன்’ அல்லாதது என்பதே அதன் பொருள். தமிழகத்தின் பிற பகுதிகளில் ‘நாட்டு’ என்னும் அடை செய்யும் வேலையைக் குமரி மாவட்டத்தின் மேற்கிலும் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் ‘நாடன்’ செய்கிறது. பருமை, பளபளப்பு, மிகுவிளைச்சல், நாள்பட நிற்கும் தன்மை, சுவைக்குறை ஆகியவை ஹைபிரிட்டின் பொருட்கூறுகள். சுவை, மணம், சிறுமை, அருமை ஆகியவை நாடனின் பொருட்கூறுகள். இஃது ஓர் எதிர்ப்பொருள் இணை. மரபியலோடு இதற்குத் தொடர்பு தற்செயலானது.

வாழையில் இதனை நன்கு காணலாம். சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் ஆகியோர் 1955-இல் நிறுவியபடி, உண்ணும் வாழைகள் ‘மூசா அக்குமினாட்டா’, ‘மூசா பால்பிசியானா’ என்னும் இரு காட்டினங்களிலிருந்து வந்தவை. முன்னதன் கூறு ‘ஏ’, பின்னதன் கூறு ‘பி’. இப்பகுதியினர் நாடன் என்று உரிமை கொண்டாடும் ஏத்தன் ‘ஏஏபி’ வகை. இரு சிற்றினங்களின் ஹைபிரிட். பூவனும் அவ்வாறே. ஆய்வகத் திசுவளர்ப்பில் வந்து, கடையில் ஹைபிரிட் என்று சுட்டப்படும் ‘கிராண்ட் நைன்’ ‘ஏஏஏ’ வகை; அதில் இரண்டாம் சிற்றினத்தின் கூறே இல்லை. சிற்றினக் கலப்பை அளவையாகக் கொண்டால் கடைக்காரரின் வகைப்பாடு முற்றிலும் தலைகீழ். ஆயின் கடைக்காரர் பிழை செய்கிறார் என்று மொழியியலார் கூற முடியாது. அவர் வேறொரு சொல்லை, அதே ஒலியில், சீராகக் கையாளுகிறார்.

மரச்சீனி இன்னும் சுவையான சான்று. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் எச்-97, எச்-165, எச்-226 ஆகிய ஹைபிரிட் வகைகளை வெளியிட்டது. பெயரின் முதலெழுத்தே ஹைபிரிட்டைக் குறிப்பது. எச்-226 தமிழகத்தில், குறிப்பாகச் சேலம் வட்டாரச் சவ்வரிசி ஆலைகளுக்கான சாகுபடியில் பெரிதும் பரவியது. அவித்து உண்பதற்கு விரும்பப்படும் எம்-4 மலேயாவிலிருந்து வந்த வகை. மரச்சீனியே தென்னமெரிக்கப் பயிர். திருவிதாங்கூரில் அது பரவ 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்கமளித்தார். பிற்காலக் கலப்பு வகை ஒன்று ‘ஸ்ரீவிசாகம்’ எனப் பெயர் பெற்றது. ஆக, நாடன் மரச்சீனி என்ற ஒன்று வரலாற்றில் இல்லை, வழக்கில் உண்டு. நாடன் என்பது தோன்றிய நாட்டைக் குறிப்பதன்று, பழகிய நாவைக் குறிப்பது.

பயிர் மாறினால் சொல்லின் பொருளும் மாறுகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் உழவருக்கு ஹைபிரிட் என்றால் ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்க வேண்டிய விதை. எடுத்து வைத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் வீரியம் குன்றும். எல்லையூர்களில் மரச்சீனியைத் தண்டால் நடுகின்றனர், ரப்பரை மொட்டொட்டால் பெருக்குகின்றனர். ஹைபிரிட்டாயினும் அதன் இயல்பு தலைமுறைதோறும் மாறாது நிற்கும். எனவே விதைக்கடைக்கு அடிமைப்படுதல் என்னும் பொருட்கூறு, மரச்சீனியைப் பேசும்போது இச்சொல்லில் இல்லை. விதை உரிமை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டைக் கருதாமல் ‘கலப்பினப் பயிர்’ என்று பொதுவாக எழுதும்போது, கட்டுரையின் சினம் எதன் மேல் என்று இப்பகுதி வாசகருக்கு விளங்காமற் போகிறது.

மொழிக்கு இட்ட பெயர்

இதுவரை கூறியவை பயிர்களைப் பற்றியன. இச்சொல் மொழிக்கு வரும்போது நேர்வதே இக்கட்டுரையின் முதன்மைக் கவலை. எல்லைப்புறத் தமிழைக் ‘கலப்பு மொழி’ என்றும் ‘மலையாளம் கலந்த தமிழ்’ என்றும் குறிப்பது ஆய்வேடுகளிலும் காணப்படும் வழக்கம். ஆய்வாளர் அறிவியல் பொருளில் கூறுவதாகக் கருதுகிறார். ஆனால் அவர் சான்றாகக் காட்டுபவை பெரும்பாலும் கடைக்காரரின் ஹைபிரிட் பொருளையே தாங்குகின்றன. அதாவது, தமக்குப் பழகிய தமிழ் அன்று என்பதே அதன் உட்கிடை.

கலப்பு என்று காட்டப்படும் சொற்களுள் ‘விளி’ (கூப்பிடு), ‘பறை’ (சொல்), ‘நோக்கு’ (பார்) ஆகியவை தவறாது இடம்பெறும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஓர் இயலுக்கே விளிமரபு என்பது பெயர். நோக்கு குறளிலும் சங்கப் பாடல்களிலும் மலிந்தது. சொல்லுதல் பொருளில் பறைதல் தமிழ்ப் பேரகராதியில் பதிவானது. இவை மலையாளத்திலிருந்து வந்து கலந்தவை அல்ல. இரு மொழியும் பொதுவாகப் பெற்ற பழஞ்சொத்து. பிற தமிழ்ப் பகுதிகள் பேச்சில் கைவிட்டதை இப்பகுதி காத்தது. மலையாளத்தின் அண்மை அக்காப்புக்குத் துணை செய்திருக்கலாம். அதனைக் கலப்பு என்றல் ஏத்தனை விட்டுவிட்டு கிராண்ட் நைனை ஹைபிரிட் என்பதை ஒக்கும்.

மெய்யான கடன்களும் உண்டு. மலையாளச் ‘சூக்ஷிக்குக’ என்பதிலிருந்து வந்த ‘சூச்சிச்சான்’ (கவனமாக இருந்தான்) போன்றவை அத்தகையன. இங்கே ஈறு கவனிக்கத்தக்கது. இன்றைய மலையாள வினை திணை, பால், எண், இட ஈறுகளை இழந்தது. ‘அவன் சூக்ஷிச்சு’ என்றே அமையும். ‘-ஆன்’ தமிழின் ஈறு. அடிமரம் தமிழ், அதன் மேல் மலையாள மொட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்து மொழியில் இது சங்கரம் அன்று, ஒட்டு. கனடாவில் வழங்கும் மிச்சிப் மொழியில் வினைத்தொடர் பெரும்பாலும் கிரீ மொழியிலும் பெயர்த்தொடர் பெரும்பாலும் பிரெஞ்சிலும் அமைகின்றன. எது அடிமரம் என்று கூற இயலாது. தாமசனும் காஃப்மனும் 1988-இல் காட்டியவாறு, அத்தகைய கலப்பு மொழிகள் உலகில் அரியவை. கடன்சொற்களின் எண்ணிக்கையால் எந்த மொழியும் அவ்வகுப்பில் சேர்வதில்லை.

இப்பெயரீட்டால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கப்படலாம். கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினராக வாழும் தமிழரின் பேச்சைத் தமிழ் என்று ஏற்பதா, மலையாளத்தின் கிளையென்று ஒதுக்குவதா என்னும் வினா பள்ளியிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எழக்கூடியது. வீட்டில் ‘அம்மை விளிச்சா’ என்று பேசும் மாணவர் அதனைக் கட்டுரையில் எழுதினால், எல்லைக்கு இப்புறத்து ஆசிரியர் மலையாளம் என்றும் அப்புறத்து ஆசிரியர் தமிழ் என்றும் அடித்துவிடக்கூடும். இருவர் கையிலும் ‘கலப்பு’ என்னும் சொல்லைக் கொடுத்திருப்பவர்கள் நாமே.

இடைக்கால இலக்கணிகள் நம்மினும் நுட்பமாகப் பகுத்தனர். வடவெழுத்து இடையிடையே வருதலை விரவியல் என்றும், வடசொற்கள் கோக்கப்படுதலை மணிப்பிரவாளம் என்றும் வீரசோழியம் இரண்டாக்கியது. 14-ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம் மணிப்பிரவாளத்தை வரையறுக்கையில் இரு மொழிகளின் ‘யோகம்’ என்றது. யோகம் கூடுதல், கூடியவை ஒரே செந்நிறத்தால் வேறுபாடு தோன்றாமல் இணைந்து நிற்பதால்தான் மாணிக்கமும் பவளமும் உவமையாயின. வருணத்திற்குச் சங்கரம் என்னும் சொல்லை நன்கறிந்த மரபு மொழிக்கு அதனைப் பயன்படுத்தாமை எண்ணத்தக்கது.

மொழிக் கடனுக்கு ‘ஒட்டு’ என்பதையே கலைச்சொல்லாக்க இயலாது; ஒட்டுநிலை மொழி என்று வேறொன்றுக்கு அதனை முன்பே வழங்கிவிட்டோம். ஹாகன் 1950-இல் பகுத்த கடன்கலவைச் சொற்களுக்கு, அதாவது பாதி கடனும் பாதி தன்மொழியுமான ‘பஸ் நிறுத்தம்’ போன்றவற்றுக்கு, ‘விரவுச்சொல்’ பொருந்தும். ஹோமி பாபாவின் 1994-ஆம் ஆண்டு நூலுக்குப் பின் திறனாய்வில் பெருகிய கருத்தாக்கத்திற்குக் ‘கலப்பினத்தன்மை’ என்று எழுதுவோர், இனத்தூய்மையை மறுக்க வந்த கருத்தின் பெயரிலேயே இனத்தைப் புகுத்துகின்றனர். ‘விரவுநிலை’ அவ்விடத்திற்கும் ஏற்கும். காருக்கும் வகுப்புக்கும் ‘இருமுறை’ போதும்; இனமும் வேண்டா, விரவலும் வேண்டா. தாவரத்திலும் விலங்கிலும் பிறப்பு வழிக் கலப்பிற்கு மட்டும் கலப்பினம் இருக்கட்டும்.

‘விரவு’ குறித்து ஓர் எதிர்ப்பு எழக்கூடும். தொல்காப்பியத்தில் விரவுப்பெயர் என்பது கலந்த பெயரன்று. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் நிற்கும் பெயர். இப்பொதுமைப் பொருள் நம் கலைச்சொல்லைக் குழப்பாதா எனலாம். கடன்கலவைச் சொல்லுக்கு இவ்வெதிர்ப்பு ஓரளவு பொருந்தும். ஆனால் எல்லையூர்ப் பேச்சுக்கு இப்பழம்பொருளே தேவைப்படுகிறது. காரக்கோணத்தில் வழங்கும் ‘விளி’ தமிழுக்கும் உரியது, மலையாளத்துக்கும் உரியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்ததன்று.